வீட்டிலிருந்து போய் வந்து படிக்கும் பிள்ளைக்கு அரசு தரும் பணம்: எங்கே தொடங்குவது, எங்கே சிக்கும்

என் மகள் கல்லூரியில் சேர்ந்து ஐந்து மாதம் வரை அவளுக்கு, மேற்படிப்புப் படிக்கும் பெண்களுக்கு அரசு தரும் புதுமைப் பெண் பணம் வரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது, இவளுக்கு மட்டும் இல்லை. கல்லூரியில் கேட்டால் "அனுப்பியாச்சும்மா, வந்திருக்கும்" என்றார்கள். வங்கியில் கேட்டால் "ஒண்ணும் வரலையே" என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். பணம் மாதாமாதம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் போய்ச் சேர்ந்தது அவள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது உதவித்தொகைக்காகத் திறந்த, பாஸ்புக்கைக்கூடத் தொலைத்துவிட்ட, நாங்கள் மறந்தே போன வேறொரு வங்கிக் கணக்குக்கு.

இது தெரிவதற்குள் எத்தனை நாள் கூலி போனது, எத்தனை பஸ் ஏறி இறங்கினேன் என்று கணக்கே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். தண்டையார்பேட்டையில் வாடகை வீடு எங்களுக்கு. வீட்டுக்காரருக்குப் பெயின்டிங் வேலை. மகள் கார்ப்பரேஷன் பள்ளியில் பிளஸ் டூ முடித்து பி.காம். படிக்கிறாள், மகன் பத்தாவது முடித்து ஐடிஐயில் இருக்கிறான். இரண்டு பேரும் வீட்டில் இருந்துதான் போய் வருகிறார்கள். இதில் எழுதியிருப்பது 2025-26 கல்வியாண்டில் இருந்த நிலவரம்.

1. உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று முதலில் பாருங்கள்

கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ போகிறவர்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது பெண்களுக்கான புதுமைப் பெண், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன். இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும் வரை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பத்தாவது முடித்து ஐடிஐயோ டிப்ளமோவோ சேர்ந்தால் 6 முதல் 10 வரை. மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்குதான். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் 2024-25 முதல் உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்ட (ஆர்டிஇ) இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. அஞ்சல்வழியில் படித்தால் கிடையாது.

எங்கள் தெருவில் எல்லோரும் தவறாக நினைத்துக்கொண்டிருந்த மூன்று விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆயிரம் ரூபாய்க்கு வருமான வரம்பு இல்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் வரும். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் இரண்டு பேருக்கும் வரும். "அம்மாவுக்கு மகளிர் உரிமைத்தொகை வருதே, பொண்ணுக்குக் கொடுக்க மாட்டாங்க" என்று ஒருத்தர் சொன்னதை நம்பி என் தோழி விண்ணப்பிக்காமலே விட்டுவிட்டாள். அப்படி ஒரு விதியே கிடையாது.

அரசு ஐடிஐ என்றால் இதற்கு மேல் இன்னொரு 750 ரூபாய் மாதா மாதம் உண்டு. வருகைப்பதிவைப் பார்த்துக் கொடுப்பார்கள், லீவு போட்டால் குறையும். என் மகன் ஆரம்பத்தில் இதைச் சட்டை செய்யவில்லை. முதல் மாதப் பணம் குறைந்து வந்த பிறகு ஒழுங்காகப் போக ஆரம்பித்தான்.

அப்புறம் சாதிவாரி உதவித்தொகைகள். பத்தாவதுக்கு மேல் படிக்கும் எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கும், பிசி, எம்பிசி, சீர்மரபினர் மாணவர்களுக்கும் தனித்தனியாக உண்டு. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். எஸ்சி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாவதுக்கு மேற்பட்ட படிப்பு) தொகையில் விடுதியில் தங்குகிறவருக்கும் வீட்டிலிருந்து வருகிறவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. வீட்டிலிருந்து வருகிறவருக்கு 11, 12, ஐடிஐ, பாலிடெக்னிக் என்றால் ஆண்டுக்கு 2,500 ரூபாய். பி.ஏ., பி.காம். போன்ற பட்டப்படிப்பு என்றால் 3,000. பொறியியல், மருத்துவம் மாதிரி தொழிற்படிப்பு என்றால் 7,000. இது பராமரிப்புத் தொகை மட்டும்தான், கட்டணம் தனிக் கணக்கு. விடுதித் தொகை கூடுதலாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு "ஹாஸ்டல்" என்று குறித்துவிடாதீர்கள். கல்லூரி சரிபார்க்கும்போது பொருந்தாமல் விண்ணப்பமே நின்றுபோகும்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் படிப்பு உதவித்தொகை தவிர, கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை இருக்கிறது. அதற்கு மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை (யுடிஐடி) கையில் இருக்க வேண்டும்.

2. பெயரும் இனிஷியலும்

படிவத்தைத் தொடுவதற்கு முன்னால் பிள்ளையின் ஆதார், பத்தாவது மதிப்பெண் சான்றிதழ், டி.சி., பாஸ்புக், ரேஷன் கார்டு ஐந்தையும் தரையில் வரிசையாகப் பரப்பி, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். நம் ஊரில் இனிஷியல்தான் பெரிய தலைவலி. பள்ளியில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கியில் அப்பா பெயரே முழுசாக. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எழுத்து கூடும், ஒரு எழுத்து குறையும். நாம் படித்தால் ஒரே பெயர்தான், கணினிக்கு வேறு ஆள்.

எதை எதற்கு ஏற்ப மாற்றுவது? மதிப்பெண் சான்றிதழில் இருப்பதை அடிப்படையாக வையுங்கள். அதை மாற்றுவது பெரும்பாடு, ஆதாரை மாற்றுவது சுலபம். ஆதாரில் பெயர், முகவரி, போன் நம்பர் திருத்த 75 ரூபாய். 15 வயது ஆனதும் கைரேகை, கண் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், 17 வயதுக்குள் செய்தால் இலவசம். புதுப்பிக்காத ஆதாரில் கைரேகை பொருந்தாமல் போகும், அது தெரியும் நேரமோ கடைசி நாளாக இருக்கும்.

ஆதாரில் எந்த போன் நம்பர் இருக்கிறது என்றும் பாருங்கள். என் மகன் ஆதாரில் இருந்தது வீட்டுக்காரர் எப்போதோ ரீசார்ஜ் பண்ணாமல் விட்ட சிம். ஓடிபி எல்லாம் அதற்குத்தான் போகும். நம்பர் மாற்ற நாங்கள் நேரில்தான் போனோம், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.

3. வங்கிக் கணக்கு: பாதிப் பிரச்சினை இங்கேதான்

அரசுப் பணம் நாம் எழுதிக்கொடுத்த கணக்கு எண்ணுக்கு வருகிறது என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி இல்லை. பிள்ளையின் ஆதார் எண் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டிருக்கிறதோ அங்கேதான் போகும். ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான். கல்லூரியில் சேர்ந்ததும் புதுக் கணக்கு திறந்து அந்தப் பாஸ்புக் நகலைக் கொடுத்தோம். ஆனால் ஆதார் பழைய வங்கியோடுதான் இணைந்திருந்தது. எங்கள் கதை இவ்வளவுதான்.

எங்கே இணைந்திருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். ஆதார் இணையதளத்தில் ஆதார் எண், ஓடிபி போட்டு உள்ளே போனால் வங்கி இணைப்பு நிலை என்று ஒரு பகுதி இருக்கும். வங்கியின் பெயர், இணைத்த தேதி, இணைப்பு செயல்படுகிறதா என்று காட்டும். இரண்டு நிமிட வேலை. இதை முதல் நாளே செய்திருந்தால் எனக்கு ஐந்து மாதம் மிச்சம்.

மாற்ற வேண்டுமானால் வங்கியில் கேட்கும் வார்த்தை முக்கியம். "ஆதார் லிங்க் பண்ணணும்" என்று மட்டும் சொன்னால், அடையாள ஆவணமாக ஆதாரைச் சேர்த்துவிட்டு "லிங்க் ஆயிடுச்சு" என்று அனுப்பிவிடுவார்கள். அது வேறு, இது வேறு. "டிபிடி பணம் வரணும், ஆதார் சீடிங் பண்ணி என்பிசிஐ மேப்பிங் கொடுங்க" என்று கேளுங்கள். டிபிடி என்பது அரசு நேரடியாகக் கணக்கில் போடும் பணம். என்பிசிஐ மேப்பிங் என்பது இந்த ஆதாருக்கு இந்த வங்கி என்று பதிந்து வைப்பது. அதற்கென்று ஒரு ஒப்புதல் படிவம் இருக்கிறது. பழைய வங்கியிலிருந்து மாற்றுகிறோம் என்பதையும் அதில் எழுத வேண்டும். கொடுத்துவிட்டு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து ஆதார் தளத்தில் மறுபடி பாருங்கள். வங்கியின் பெயர் மாறியிருந்தால்தான் வேலை முடிந்தது.

அடுத்த சிக்கல் 18 வயது. பள்ளியில் படிக்கும்போது திறந்தது மைனர் கணக்கு. பிள்ளைக்கு 18 நிறைந்ததும் அதைப் பெரியவர் கணக்காக மாற்ற வேண்டும். புதுப் போட்டோ, புதுக் கையெழுத்து, ஆதார், பான் கார்டு கேட்பார்கள். பான் இல்லை என்றால் அதற்கென்று இருக்கும் உறுதிமொழிப் படிவத்தை எழுதிக் கொடுக்கலாம். மாற்றாத வரை பணத்தை எடுக்க விடமாட்டார்கள். என் மகளின் பழைய கணக்கில் ஐயாயிரம் ரூபாய் இருப்பது தெரிந்த பிறகும் அதைக் கையில் வாங்க இன்னும் பத்து நாள் ஆனதற்கு இதுதான் காரணம். பிளஸ் டூ முடித்து கல்லூரியில் சேரும் நேரத்தில்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு 18 வரும். பிறந்தநாள் முடிந்த அடுத்த வாரமே வங்கிக்குப் போய்விடுங்கள்.

புதிதாகத் திறப்பதானால் குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படை சேமிப்புக் கணக்கு வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும். அம்மா கணக்கு, அப்பா கணக்கு செல்லாது.

4. வருமானச் சான்றும் சாதிச் சான்றும்

ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மே மாதம் ரிசல்ட் வந்ததும் ஊரே இ-சேவை மையத்தில்தான் நிற்கும். நாங்கள் மகனுக்கு ஏப்ரலில் போட்டோம், ஒன்பது நாளில் வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் மே கடைசியில் போட்டார்கள், மூன்று வாரம் ஆனது. வருமானச் சான்று ஒரு வருடம்தான் செல்லும். அதனால் ரொம்ப முன்னாலும் வாங்க வேண்டாம், மார்ச் கடைசி, ஏப்ரல் சரியான நேரம். சாதிச் சான்றை ஒரு முறை வாங்கினால் போதும்.

ஒரு சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். தாலுகா அலுவலகத்திலும் மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் இருக்கும் அரசு கவுன்ட்டருக்கே போங்கள். வெளிக் கடையில் என்னிடம் 200 கேட்டார்கள். முதல் முறை என்றால் குடிமக்கள் கணக்கு எண் ஒன்று உருவாக்குவார்கள், அதற்கு ஓடிபி வரும், போனைக் கையில் வைத்திருங்கள். வருமானச் சான்றுக்குப் போட்டோ, ஆதார், ரேஷன் கார்டு, சம்பளச் சீட்டு இருந்தால் அது, இல்லாவிட்டால் வருமானம் பற்றிய உறுதிமொழி. சாதிச் சான்றுக்கு அப்பா அல்லது அம்மாவின் சாதிச் சான்று இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். எல்லாவற்றிலும் அசலைக் கொண்டுபோங்கள். அங்கே ஸ்கேன் பண்ணுவார்கள், மங்கலான ஜெராக்ஸ் ஏறினால் திரும்பி வந்துவிடும்.

வடசென்னைக்காரர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு: வீடு மாறுவது. வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ இருந்த குடும்பம் எர்ணாவூர் குடியிருப்புக்கு வந்திருக்கும். ரேஷன் கார்டில் மட்டும் பழைய முகவரியே இருக்கும். விண்ணப்பம் பழைய தாலுகாவுக்குப் போகும், விசாரிக்க வருகிறவர் பழைய வீட்டில் விசாரித்து "இவர்கள் இங்கே இல்லை" என்று எழுதிவிடுவார். முதலில் ரேஷன் கார்டு முகவரியை மாற்றுங்கள், அப்புறம் சான்றுக்குப் போடுங்கள். எண்ணூர், மணலி, திருவொற்றியூர் எல்லாம் இப்போது சென்னை மாவட்டம்தான். மீஞ்சூர்ப் பக்கம் போய்விட்டால் பொன்னேரி தாலுகா, திருவள்ளூர் மாவட்டம். படிவத்தில் மாவட்டத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

வருமானத்தை உள்ளபடி எழுதுங்கள். அக்காவுக்கு ஒரு தொகை, தம்பிக்கு அதே வருடம் வேறொரு தொகை என்று போட்டால் விசாரிப்பவர் கேள்வி கேட்பார்.

வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றும் இ-சேவையிலேயே வாங்கலாம். ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாகப் பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் கேட்க முடியாது. வீட்டில் எல்லோருடைய டி.சி.யையும் கேட்பார்கள், முன்கூட்டியே தேடி எடுத்து வையுங்கள்.

5. விண்ணப்பம்

புதுமைப் பெண்ணுக்கும் தமிழ்ப் புதல்வனுக்கும் நீங்கள் எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டாம். பாரதி மகளிர் கல்லூரியோ, வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கல்லூரியோ, ஐடிஐயோ, எங்கே சேர்ந்தாலும் அங்கே இதற்கென்று ஓர் ஆசிரியரைப் பொறுப்பாளராகப் போட்டிருப்பார்கள். முதல் வாரத்திலேயே அவர் யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்தான் பதிவு பண்ணுவார்.

அவருக்குத் தேவைப்படுவது பள்ளியில் கொடுத்த எமிஸ் எண். டி.சி.யிலேயே இருக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் பிள்ளை எந்தெந்த வருடம் எந்தப் பள்ளியில் படித்தது என்று பார்க்கிறார்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் எல்லா வருடமும் ஏறியிருக்கிறதா என்று டி.சி. வாங்கும்போதே தலைமையாசிரியரிடம் கேளுங்கள். ஒரு வருடம் விட்டுப்போயிருந்தால் அதைச் சரிசெய்யக்கூடிய இடம் பள்ளிதான், கல்லூரியால் முடியாது. கல்லூரியில் இதே மாதிரி யுமிஸ் எண் ஒன்று தருவார்கள், அதை போனில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

சாதிவாரி உதவித்தொகைக்கு மாநில அரசின் உதவித்தொகைத் தளத்தில் யுமிஸ் எண்ணை வைத்து மாணவரே பதிவு பண்ண வேண்டும். ஆதார் ஓடிபி வரும், வருமானச் சான்று, சாதிச் சான்று எண்களைக் கேட்கும். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். முதல் வருடம் வந்துவிட்டது, அதுவாகவே வரும் என்று இருந்தால் இரண்டாம் வருடம் வராது. எஸ்சி போஸ்ட் மெட்ரிக்கில் மத்திய அரசுப் பங்கும் மாநிலப் பங்கும் தனித்தனியாக வரும். பாதிதான் வந்தது என்று பயப்பட வேண்டாம்.

பஸ் பாஸையும் மறக்காதீர்கள். அரசுக் கலைக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், அரசு ஐடிஐ மாணவர்களுக்கு மாநகரப் பேருந்தில் இலவசப் பாஸ் உண்டு, கல்லூரி மூலமாகத்தான் வரும்.

6. இன்னும் பள்ளியில் இருக்கும் பிள்ளைகள்

எட்டாவது படிக்கும் பிள்ளை இருந்தால் என்எம்எம்எஸ் என்ற தேசிய உதவித்தொகைத் தேர்வை விடவே விடாதீர்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு, வருமானம் மூன்றரை லட்சத்துக்குள். தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000. இதையும் தேசிய உதவித்தொகைத் தளத்தில் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். நடுவில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் நின்றுவிடும். ஊரகத் திறனாய்வுத் தேர்வு என்று ஒன்று கேள்விப்படுவீர்கள், அது கிராமப்புறப் பள்ளிகளுக்கு மட்டும்தான், சென்னைப் பிள்ளைகள் எழுத முடியாது.

இன்னும் இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. பதினொன்றாவது படிப்பவர்களுக்கான தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் 1,500 வீதம் இரண்டு வருடம் தருகிறார்கள். பாதி இடம் அரசுப் பள்ளிகளுக்கு. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடம்தான், நன்றாகப் படிக்கும் பிள்ளை தைரியமாக எழுதலாம். முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு அரசுப் பள்ளியில் பத்தாவது படிப்பவர்களுக்கு மட்டும், 1,000 பேருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், பட்டப்படிப்பு முடியும் வரை. இரண்டுக்கும் பள்ளி மூலமாகத்தான் விண்ணப்பம். அறிவிப்பு வந்து சில வாரம்தான் நேரம் இருக்கும். வகுப்பாசிரியரை ஜூனிலேயே பார்த்துச் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதே இல்லை. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் படிப்பை நடுவில் விடாமல் இருக்கப் பத்தாவதுக்கு 1,500, பதினொன்றாவதுக்கு 1,500, பன்னிரண்டாவதுக்கு 2,000 என்று 5,000 ரூபாய் அவர்கள் பெயரில் போட்டு வைக்கிறார்கள். பிளஸ் டூ முடித்த பிறகு வட்டியோடு வரும். பள்ளியை விட்டு வரும்போது இதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

7. அப்பா அம்மாவின் வாரிய அட்டை

கட்டட வேலை, பெயின்டிங், சுமை தூக்குவது, ஆட்டோ, வீட்டு வேலை, தையல் என்று எதுவாக இருந்தாலும் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு பண்ணியிருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி உண்டு. தொகை வாரியத்துக்கு வாரியம், வகுப்புக்கு வகுப்பு மாறும். பதிவு இணையத்திலேயே இலவசம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். வீட்டுக்காரர் அட்டை காலாவதியாகி ஒரு வருடம் ஆகியிருந்தது, அந்த வருடம் மகளுக்குக் கேட்கவே முடியவில்லை. இன்றைக்கே அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். மீனவர் குடும்பங்களுக்குத் தனி வாரியம் இருக்கிறது.

8. பணம் வராவிட்டால்

முதலில் ஆதார் தளத்தில் வங்கி இணைப்பைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் அந்த வங்கியில் பாஸ்புக் பதிந்து பாருங்கள். குறுஞ்செய்தி வராமலே பணம் வந்திருக்கும். அதிலும் இல்லை என்றால் கல்லூரிப் பொறுப்பாளரிடம் போய் விண்ணப்பம் எந்த நிலையில் நிற்கிறது என்று திரையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அங்கே காரணம் எழுதியிருக்கும்.

அதற்கு மேலும் நகரவில்லையா? ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகத்தில் மாவட்டச் சமூகநல அலுவலரைப் பாருங்கள், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் இரண்டு திட்டமும் சமூகநலத் துறையுடையதுதான். திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுவாகக் கொடுத்தால் எண் போட்டுத் தருவார்கள். அதில் யுமிஸ் எண், எமிஸ் எண், கல்லூரிப் பெயர், ஆதார் இணைப்புப் பக்கத்தின் நகல் நான்கும் இருக்கட்டும். நேரில் போக முடியாதவர்கள் முதலமைச்சர் உதவி எண் 1100-க்கு போன் பண்ணிப் புகார் பதியலாம்.

"உங்க பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க" என்று யாராவது போன் பண்ணினால் பேசாமல் வைத்துவிடுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள், அவர்களைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். எந்த அலுவலகமும் போனில் ஓடிபி கேட்காது. ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

எங்களுக்கு ஆன செலவையும் சொல்கிறேன். மகனுக்கு வருமானச் சான்று 60, சாதிச் சான்று 60, ஆதாரில் போன் நம்பர் மாற்றிய கட்டணம், ஜெராக்ஸ், போட்டோ எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள்தான். மார்ச்சில் ஆதார், ஏப்ரலில் சான்றுகள், மே மாதம் வங்கி என்று வரிசையாக முடித்தோம். சேர்ந்ததும் முதல் வாரத்திலேயே பொறுப்பாளர் கையில் எல்லா நகலையும் கொடுத்துவிட்டான். அவனுக்காக ஒரு தடவைகூட நான் லீவு போட்டு அலையவில்லை.